ஆவணங்களை அளப்பது எப்படி?

அலமாரியில் எத்தனை காகிதக் கட்டுகள் உள்ளன என்பதைப் பார்த்தவுடனே சொல்லிவிடலாம். கணிப்பொறியின் வட்டில் உள்ள ஆவணங்கள் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன என்பதை எப்படி அறிவது?

ஐ.பி.எம். நிறுவனம் 1988 ஜூன் மாதத்தில் ஏ.எஸ்./400 என்னும் கணிப்பொறியை அறிமுகப்படுத்தியது. பெருங்கணிப்பொறிக்கும் மேசைக் கணிப்பொறிக்கும் இடைப்பட்டதாதலால் இதனை நடுத்தரக் கணிப்பொறி என்பர். அலுவலகத்தில் பலர் தத்தம் திரையின் முன் அமர்ந்து இந்த ஒரே பொறியில் கடிதங்களும் அறிக்கைகளும் எழுதி, கோப்புறைகளில் சேமித்து வைப்பார்கள்.

கோப்புறை என்றதும் காகிதங்களைத் திணித்து வைத்த ஓர் உறையை நாம் கற்பனை செய்கிறோம். இங்கே அப்படி இல்லை. ஆவணங்கள் எல்லாம் பொதுவாக 'க்யூடாக்' என்ற ஒரே நூலகத்தில், பொறி தானே சூட்டிய பெயர்களுடன் கிடக்கும். அவற்றின் பகுதிகளையும் பொறி பல வட்டுகளில் பரப்பி வைத்துவிடும். கோப்புறை வெறும் முகவரிப் பட்டியலே! ஆகவே, அதைத் தூக்கி எடை பார்க்க முடியாது; ஒவ்வோர் ஆவணத்தையும் தேடிச் சென்று அளந்து கூட்டவேண்டும்.

கூட்டும்போது ஒரு வியப்பு காத்திருக்கிறது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு போதும். 100 எழுத்துள்ள குறிப்புக்கு 100 பைட்டுதானே? இல்லை. வட்டில் இடம் 'பக்கம்' என்னும் அளவில்தான் ஒதுக்கப்படுகிறது. தொடக்கத்தில் ஒரு பக்கம் 512 பைட்டு. 1995-இல் புதுவகைச் செயலிகள் வந்தபோது அது 4,096 பைட்டு ஆயிற்று. இத்தகைய 1,000 குறிப்புகளில் எழுத்துகள் ஒரு லட்சமே. அவை அடைக்கும் இடமோ குறைந்தது 40,96,000 பைட்டு! உரிமையாளர் பெயர், தேதி முதலிய விவரங்களுக்கும் இடம் வேண்டுமே; ஆகவே உண்மை அளவு இன்னும் கூடும்.

இக்கணக்கெடுப்புக்கென ஒரு கட்டளை உண்டு. அது பொறியில் உள்ள அனைத்தையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பதால் நெடுநேரம் பிடிக்கும். வேலை குறைந்த இரவு நேரத்தில் இதை ஓடவிடுவதே வழக்கம். பின்னர் மற்றொரு கட்டளை, கோப்புறை வாரியாகவோ உரிமையாளர் வாரியாகவோ அறிக்கை அச்சிட்டுத் தரும். ஆனால் அது கணக்கெடுத்த நேரத்து நிலவரமே. அதன்பின் எழுதிய கடிதங்கள் அதில் இரா.

இவ்வளவு பாடு எதற்கு? வட்டுத் தொகுதியில் 90 சதவீதம் நிரம்பியதும், பொறி அதை இயக்குபவருக்கு எச்சரிக்கை அனுப்பும். (இந்த எல்லையை மாற்றியும் வைக்கலாம்.) அதைப் பொருட்படுத்தாமல் முழுவதும் நிரம்பவிட்டால் பொறியே நின்றுபோகும். அலுவலகம் முழுவதும் கைகட்டி உட்கார வேண்டியதுதான்!

அவசரத்தில் கோப்புறைகளை மட்டும் கூட்டிப் பார்ப்பவர் ஏமாறக்கூடும். எந்தக் கோப்புறையிலும் சேராத ஆவணங்களும் உண்டு. வந்த அஞ்சல்கள் சில இப்படித் தங்கிவிடும். கோப்புறைப் பட்டியலில் அவற்றின் பெயர் இராது. வட்டில் இடம் மட்டும் பிடித்திருக்கும்.