சுவரும் துப்பாக்கியும்

சமயம், படைக்கலம், சமுதாய ஏற்றத்தாழ்வு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத செய்திகள் போலத் தோன்றும். முதலாவதைப் பற்றி வழிபாட்டு இடங்களில் பேசுவர். இரண்டாவதைப் பற்றிக் காவல் துறையினர் பேசுவர். மூன்றாவதைப் பற்றி மேடைகளில் பேசுவர். ஆயினும் இம்மூன்றும் ஒரே கயிற்றின் மூன்று புரிகள் என்பது என் கருத்து. அமெரிக்காவில் ஒரு பள்ளியிலோ கடைத்தெருவிலோ துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது என்ற செய்தி வரும்போதெல்லாம், “அந்நாட்டு மக்களுக்கு என்ன ஆயிற்று?” என்று நாம் வியக்கிறோம். அவ்வாறு வியக்கும் முன்னர், நம் புதுவை நகரின் வரலாற்றையும் சற்றே புரட்டிப் பார்ப்பது நலம். ஊரார் குறையைக் காணும் கண்ணுக்குத் தன் வீட்டுச் சுவரும் தெரிய வேண்டும் அன்றோ?

சுவர் என்று சொன்னது உவமைக்காக மட்டும் அன்று. உண்மையிலேயே இந்நகரில் ஒரு சுவர் இருந்தது. துய்ப்பிளேக்சின் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736-ஆம் ஆண்டு முதல் எழுதி வந்த நாட்குறிப்பை நேயர்கள் அறிவார்கள். அதில் 1745-ஆம் ஆண்டு அக்டோபர் மாதச் செய்திகளுள் ஒன்று, நம் சம்பா கோவிலைப் பற்றியது. கோவிலுக்குள்ளே ஒரு சுவர் எழுப்பப்பட்டிருந்தது. அதன் ஒரு பக்கத்தில் தாழ்த்தப்பட்ட கிறித்தவர்கள் இருந்து வழிபட்டனர். மறுபக்கத்தில் ஏனையோர் இருந்தனர். தாழ்த்தப்பட்ட மக்கள் திரண்டு சென்று மூத்த குருவிடம் முறையிட்டனர். தாங்களும் அவருடைய மாணாக்கர்களே என்றால், எல்லோரையும் ஒன்றாகவே நடத்த வேண்டும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். குரு அவ்வாதத்துக்கு இணங்கிச் சுவரை இடிக்கச் செய்தார். சாதிக் கிறித்தவர்கள் கடுஞ்சினம் கொண்டனர்.

இங்கே நாம் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அந்த ஏழை மக்களின் கையில் படைக்கலம் இல்லை, செல்வம் இல்லை, பதவி இல்லை. அவர்கள் கையில் இருந்தது ஒரே ஒரு கேள்வி. “நீங்கள் போதிப்பது உண்மையாயின், இச்சுவர் எதற்கு?” என்ற அக்கேள்விக்கு விடை சொல்ல இயலாமல்தான் சுவர் விழுந்தது. சமயத்தின் உயர்வும் தாழ்வும் இந்த ஒரு நிகழ்ச்சியிலேயே அடங்கியிருக்கின்றன. சுவரைக் கட்டியவர்களும் சமயத்தார்; அதை இடித்தவரும் சமயத்தார்.

இது ஒரு சமயத்துக்கு மட்டும் உரிய நோய் என்று எவரும் எண்ண வேண்டா. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்து மாதாகோவிலின் நடுச்சுவர் 1910-ஆம் ஆண்டில்தான் அகற்றப்பட்டது. அதனை எதிர்த்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது; ஆலயத்தில் சாதியைக் காட்டித் தனியிடம் கேட்க உரிமையில்லை என்று தீர்ப்பாயிற்று. மதுரை மீனாட்சியம்மன் கோவிலுள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்றது 1939-ஆம் ஆண்டு சூலை 8-ஆம் நாள். அதுவரையில் அங்கே கல்லால் ஆன சுவர் தேவைப்படவில்லை. வாயிலில் நின்ற வழக்கமே சுவராக இருந்தது.

கடல் கடந்து சென்றாலும் இதே காட்சிதான். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, உழைத்துப் பொருள் சேர்த்துத் தன்னைத் தானே விடுவித்துக்கொண்டவர் ரிச்சர்டு ஆலன் என்னும் கறுப்பினப் பெரியார். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிலடெல்பியா நகரத்து ஆலயம் ஒன்றில் அவரும் தோழர்களும் வழிபட்டு வந்தனர். மண்டியிட்டு வேண்டிக்கொண்டிருந்தவர்களை, அது உங்கள் இடமன்று என்று சொல்லி எழுப்ப முயன்றனர். அவர்கள் ஒருமிக்க வெளியேறினர். அதன் பயனாக 1816-ஆம் ஆண்டில் கறுப்பின மக்களுக்கென ஒரு தனித் திருச்சபை உருவாயிற்று. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்று 1776-ஆம் ஆண்டில் பறைசாற்றப்பட்ட அதே நகரத்தில் இது நிகழ்ந்தது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

இனிப் படைக்கலத்துக்கு வருவோம். துப்பாக்கி வைத்திருப்பது குடிமகனின் உரிமையா, அரசு தரும் அனுமதியா என்பதில் அமெரிக்காவும் இந்தியாவும் இருவேறு வழிகளில் சென்றன. அமெரிக்க அரசியலமைப்பில் 1791-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட இரண்டாவது திருத்தம் படைக்கலம் வைத்திருக்கும் உரிமையைக் கூறுகிறது. அது தனிமனிதனுக்கே உரிய உரிமை என்று 2008-ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் நாட்டிலோ 1878-ஆம் ஆண்டில் ஆங்கில அரசு ஆயுதச் சட்டம் இயற்றியது. இந்தியன் உரிமம் பெற வேண்டும். ஐரோப்பியனுக்கு விலக்கு உண்டு. இந்த இழிவை எதிர்த்துக் காங்கிரசு மகாசபை பலமுறை தீர்மானம் நிறைவேற்றியது. அண்ணல் காந்தியடிகளே அச்சட்டத்தைக் கண்டித்திருக்கிறார். வன்முறையை வெறுத்தவர் ஏன் கண்டித்தார்? ஒருவனை நம்பி, மற்றவனை நம்பாமல் இருக்கும் ஏற்றத்தாழ்வு அதில் இருந்தமையால்தான்.

அமெரிக்காவிலும் அந்த உரிமை எல்லோருக்கும் உரியதாக இருந்ததில்லை. 1857-ஆம் ஆண்டில் திரெட் ஸ்காட் என்னும் அடிமையின் வழக்கில் தீர்ப்புக் கூறிய தலைமை நீதிபதி டேனி, கறுப்பினத்தாரைக் குடிமக்களாக ஏற்றால் அவர்கள் சென்ற இடமெல்லாம் படைக்கலம் கொண்டு செல்லும் உரிமையும் பெற்றுவிடுவர் என்பதையும், அவர்களைக் குடிமக்களாக ஏற்கலாகாது என்பதற்கு ஒரு காரணமாகக் காட்டினார். ஆகவே, துப்பாக்கி யாருக்கு உரியது என்ற கேள்விக்குப் பின்னே, மனிதன் என்று யாரை ஒப்புக்கொள்கிறோம் என்ற கேள்வி எப்போதும் மறைந்து நிற்கிறது.

விடுதலை பெற்ற இந்தியா என்ன செய்தது? 1948-ஆம் ஆண்டு டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் காமத் என்னும் உறுப்பினர், படைக்கலம் வைத்திருக்கும் உரிமையையும் அடிப்படை உரிமைகளுள் சேர்க்க வேண்டும் என்று வாதாடினார். அறிஞர் அம்பேத்கர் அதற்கு இசையவில்லை. குற்றத்தையே தொழிலாகக் கொண்டவனும் இவ்வுரிமையைக் கேட்கலாமா என்று அவர் திருப்பிக் கேட்டார். முடிவில் நம் அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையையே நமக்கு அளித்தது. 1959-ஆம் ஆண்டுச் சட்டம் உரிம முறையை எல்லோருக்கும் பொதுவாக வைத்தது. ஆயுதமின்றிக் கூடும் உரிமையின் அருமை புதுவை மக்களுக்குத் தனியே சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்குக் குருதியால் விலை கொடுத்த ஊர் இது.

1936-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் லியோன் புளூம் தலைமையில் மக்கள் முன்னணி அரசு அமைந்தது. வாரத்துக்கு 40 மணி நேர வேலை, சம்பளத்தோடு விடுமுறை ஆகியவை அந்நாட்டுத் தொழிலாளருக்குக் கிடைத்தன. அதே கொடி பறந்த புதுவையில், பஞ்சாலைத் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். மக்கள் தலைவர் வ. சுப்பையா அவர்களுக்குத் துணை நின்றார். சூலை 30-ஆம் நாள் படையினர் சுட்டதில் 12 தொழிலாளர்கள் மாண்டனர். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று சொற்களை அரசுச் சின்னமாகக் கொண்ட ஆட்சியில் நிகழ்ந்தது இது. அவர்கள் சிந்திய குருதி வீண்போகவில்லை. 1937-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் ஆணையின் மூலம் எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் கிடைத்தன. அந்த ஆலைகள் இன்று ஓய்ந்துவிட்டன. ஆயினும் ஆண்டுதோறும் சூலை 30-ஆம் நாளில் நாம் அந்தத் தியாகிகளுக்கு வணக்கம் செலுத்துகிறோம்.

இங்கே சிலர் ஒரு தடை எழுப்பக்கூடும். “தொழிலாளர் கையிலும் துப்பாக்கி இருந்திருந்தால் படையினர் அஞ்சியிருப்பர் அல்லவா?” என்பது அது. அமெரிக்காவில் பலர் நேர்மையாகவே இவ்வாறு எண்ணுகின்றனர். பக்கத்து வீடு ஒரு மைலுக்கு அப்பால், காவல் நிலையம் இருபது மைலுக்கு அப்பால் என்று வாழும் குடியானவன் தன் துப்பாக்கியைத் தன் காவலாகக் கருதுவதை நாம் எள்ளி நகையாடலாகாது. ஆனால் பயனைப் பார்க்க வேண்டும். 2018-ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணக்கின்படி, ஏறத்தாழ 33 கோடி மக்கள் வாழும் அந்நாட்டில் பொதுமக்களிடம் 39 கோடிக்கு மேற்பட்ட துப்பாக்கிகள் இருந்தன. 2021-ஆம் ஆண்டில் மட்டும் துப்பாக்கியால் 48,000-க்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். பகைவனுக்கென்று வாங்கிய கருவி வீட்டானையே பலிகொள்கிறது.

மார்ட்டின் லூதர் கிங்கின் வாழ்வு இதற்கு ஒரு சான்று. 1956-ஆம் ஆண்டு சனவரியில் அவர் வீட்டின் மீது குண்டு வீசப்பட்டது. துப்பாக்கி வைத்துக்கொள்ள அவர் அனுமதி கேட்டார், மறுக்கப்பட்டது. பின்னர் அவர் தாமே ஆராய்ந்து, வீட்டில் இருந்த துப்பாக்கியையும் நீக்கிவிட்டார். அது இருந்தபோதுதான் தம் அச்சம் மிகுதியாக இருந்தது என்று அவர் பிற்காலத்தில் கூறினார். 1959-ஆம் ஆண்டில் அவர் இந்தியா வந்தார். கேரளத்தில் தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியில், தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்துள்ள தீண்டத்தகாதவர் என்று அறிமுகம் செய்தாராம். முதலில் திடுக்கிட்ட கிங், பிறகு அது உண்மையே என்று உணர்ந்ததாகச் சொல்லியிருக்கிறார். 1968-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் மெம்பிசு நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே அவர் சென்றது, வேலைநிறுத்தம் செய்த துப்புரவுத் தொழிலாளருக்குத் துணை நிற்பதற்காக.

ரிச்சர்டு ஆலன் தோற்றுவித்த திருச்சபையைச் சேர்ந்த ஓர் ஆலயம் சார்லஸ்டன் நகரில் உள்ளது. 2015-ஆம் ஆண்டு சூன் 17-ஆம் நாள் மாலை, அங்கே மறைநூல் ஆய்வுக்காகக் கூடியிருந்தோரிடையே ஒரு வெள்ளை இளைஞன் வந்து அமர்ந்தான். அவனையும் அன்போடு வரவேற்றனர். இறுதியில் அவன் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றான். இரண்டு நாட்களுக்குப் பின் நீதிமன்றத்தில், இறந்தோரின் உறவினர் சிலர் அவனை மன்னிப்பதாகக் கூறினர். சமயம், துப்பாக்கி, ஏற்றத்தாழ்வு ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சந்தித்த நாள் அது.

அப்படியானால் துப்பாக்கி அரிதாக உள்ள நம் நாடு அமைதி பெற்றுவிட்டதா? இல்லை. கீழ்வெண்மணியில் 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசையில் எரிந்து சாம்பலாயினர். தீப்பெட்டிக்கு உரிமம் தேவையில்லை. ஆகவே சட்டத்தால் துப்பாக்கியைக் கட்டுப்படுத்துவது தேவை. ஆனால் அது மட்டும் போதாது. கருவியைப் பறித்தால் கை வெறுமையாகும், நெஞ்சு வெறுமையாகாது.

நெஞ்சை மாற்றும் இடங்கள் இரண்டே. ஒன்று வழிபாட்டு இடம், மற்றொன்று பள்ளிக்கூடம். மாணவர்களை உயரத்தையும் கண் பார்வையையும் பார்த்து அமர்த்த வேண்டும் என்று ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். ஓராண்டுத் தொடக்கத்தில் ஒரு தந்தையார் வந்து, தம் மகனை வேறு பலகைக்கு மாற்றுமாறு என்னைக் கேட்டுக்கொண்டார். பையனுக்குக் கண்ணிலும் குறையில்லை, காதிலும் குறையில்லை. அருகில் இருந்த பையனின் தெருதான் காரணம். உயர வரிசைக்குத் தெருக் கணக்கு இல்லை என்று சொல்லி மறுத்துவிட்டேன். அவர் இரண்டு திங்கள் என்னோடு பேசவில்லை. பையன்கள் இருவரும் ஒரு வாரத்துக்குள்ளேயே சேர்ந்து பந்தாடத் தொடங்கிவிட்டனர்.

ஒருவனை அறியாதபோதுதான் அவனைக் கண்டு அஞ்சுகிறோம். அஞ்சும்போது முதலில் சுவர் எழுப்புகிறோம்; சுவர் போதாதென்று தோன்றும்போது துப்பாக்கி தேடுகிறோம். எனவே துப்பாக்கியைப் பற்றிப் பேசுவோர் சுவரைப் பற்றியும் பேச வேண்டும். நம் சிற்றூர்களில் சுடுகாடும் இடுகாடும் இன்னும் இரண்டிரண்டாக இருக்கின்றனவா என்று ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் பாருங்கள். இருந்தால், 1745-ஆம் ஆண்டில் அந்த எளிய மக்கள் கேட்ட கேள்வியை, உங்கள் சமயம் எதுவாயினும், அங்குள்ள பெரியவர்களிடம் பணிவோடும் துணிவோடும் கேளுங்கள். அதைக் கேட்பதற்கு எந்தச் சட்டத்தின் உரிமமும் வேண்டியதில்லை.