கழுவும் கையும் கரப்பான் என்னும் சொல்லும்

2020 மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அந்நாள்களில் நாம் ஓயாமல் கேட்ட ஏவல், 'கைகளை அடிக்கடி கழுவுங்கள்' என்பதாகும். இத்தொடரில் இலக்கணப் பிழை இல்லை. மருத்துவப் பிழையும் இல்லை. ஆயினும் 'அடிக்கடி' என்னும் வினையடைக்கு மேல்வரம்பு கிடையாது. கழுவியபின் செய்யவேண்டியதைக் கூறும் வினையும் அதில் இடம்பெறவில்லை. விடுபட்ட அவ்வினையின் விளைவு தாதியர், துப்புரவுப் பணியாளர், சமையற்கூடத்தில் உழைப்போர் முதலியோரின் கைகளில் வெடிப்பாகவும் அரிப்பாகவும் வெளிப்பட்டது.

கொரோனா கிருமியின் புறவுறை கொழுப்பாலானது. சவர்க்காரம் அக்கொழுப்பைக் கரைத்து உறையைச் சிதைக்கிறது. 20 நொடி தேய்க்கச் சொல்வது அதற்கு நேரம் வேண்டும் என்பதனாலேயே. நம் தோலின் மேற்படலத்தை ஒரு சுவராக எண்ணிப் பார்க்கலாம். உயிரணுக்கள் செங்கற்கள், அவற்றை இணைக்கும் சாந்து கொழுப்பு. கிருமியின் கொழுப்பு எது, தோலின் கொழுப்பு எது என்று சவர்க்காரம் பகுத்தறிவதில்லை. சாந்து கரையக் கரைய உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும். உறுத்தும் பொருள்கள் உட்புகும். சவர்க்காரம் என்னும் சொல்லிலேயே காரம் இருப்பதை மாணவர்கள் கவனிக்கவேண்டும். அது மிளகாயின் காரமன்று. அமிலத்திற்கு எதிரான காரம். நலமான தோலின் பி.எச். அளவு ஏறத்தாழ 5. வழக்கமான சவர்க்காரக் கட்டியினதோ 9 முதல் 10 வரை.

இவ்வாறு தோன்றும் நோயை 'எக்ஸிமா' என்கின்றனர். கொதித்துப் பொங்குதல் என்னும் பொருளுடைய கிரேக்க வினையிலிருந்து பிறந்த பெயர் அது. 'தோலழற்சி' என்னும் நம் கலைச்சொல்லிலும் அழல், அதாவது நெருப்பு, இருக்கிறது. இருமொழியினரும் வெம்மையையே கண்டனர் போலும். சித்த மருத்துவம் இதனைக் 'கரப்பான்' என்னும் வகையில் அடக்கும்.

இடர்ப்பாடு அன்றாடப் பேச்சில் தொடங்குகிறது. சிரங்கு, படை, சொறி, கரப்பான் ஆகிய நான்கையும் நாம் ஒன்றுபோல வழங்குகிறோம். சிரங்கு எனப்படுவதுள் ஒருவகை, கண்ணுக்குப் புலப்படாச் சிற்றுயிரி தோலைத் துளைத்து வாழ்வதால் வருவது. அது பிறருக்குப் பரவும். படை பூஞ்சையால் வருவது; அதுவும் பரவும். கழுவிக் கழுவி வந்த கையழற்சி எவருக்கும் பரவாது. பெயர் மாறினால் மருந்து மாறும். படைக்குரிய களிம்பைப் பூசிக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருப்போர் உளர். மனிதர் நடத்தப்படும் முறையும் மாறும். 'சிரங்குக் கை' என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அக்கை பரிமாறும் சோற்றை உண்ணத் தயங்குவார்கள். 'கை நனைத்துவிட்டுப் போங்கள்' என்பதையே விருந்தழைப்பாகக் கொண்ட மொழியினர் நாம். அத்தயக்கம் எத்துணைக் காயப்படுத்தும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

'கிருமிநாசினி' என்னும் சொல்லும் கருதத்தக்கது. தரைக்குத் தெளிக்கும் கடுமையான கரைசலையும் கையில் தேய்க்கும் ஆல்கஹால் நீர்மத்தையும் இவ்வொரு சொல்லே சுட்டியது. முன்னது தோலுக்குத் தீங்கானது. 'கைத்தூய்மி' என்னும் சொல் மலேசிய வழக்கில் இடம்பெற்றதை நான் பெரிதும் வரவேற்கிறேன். சுருக்கத்திற்காக அன்று, இந்த வேறுபாட்டிற்காக. வெடித்த தோலில் கைத்தூய்மி எரியும் என்பது உண்மையே. எனினும் வெடிப்பில்லாத கையில், சவர்க்காரத்தைக்காட்டிலும் குறைவாகவே அது தோலை உலர்த்துகிறது. கண்ணுக்குத் தெரியும் அழுக்கிருந்தால் நீரும் சவர்க்காரமும் இன்றியமையாதவை.

பள்ளிச் சுவரொட்டிகளை மீண்டும் எழுதும் ஆசிரியர்கள் 'கழுவுங்கள்' என்பதனோடு மூன்று வினைகளைச் சேர்க்கலாம். முதலாவது, அலசுதல்: விரலிடுக்கில் நுரை தங்கலாகாது; வெந்நீரும் வேண்டா. அடுத்தது, ஒற்றுதல். 'துடைத்தல்' என்றால் தேய்ப்பார்கள். துணியால் ஒற்றியெடுப்பதே தோலுக்கு இதம். பிறகு பூசுதல்: ஈரம் முற்றும் உலருமுன் மணமூட்டப்படாத ஈரங்காக்கும் களிம்பைப் பூசவேண்டும். நீர்த்த லோஷனைவிடக் கெட்டியான களிம்பே நன்று. கழுவுமுன் மோதிரத்தைக் கழற்றுவதும் நலம். அதனடியில் தங்கும் சவர்க்காரத்தால் அழற்சி பலருக்கு அவ்விடத்திலேயே தொடங்குகிறது.