புகுமுக வகுப்பும் மேனிலைப் பள்ளியும்

பள்ளிக் கல்வி எங்கு முடிகிறது, கல்லூரிக் கல்வி எங்குத் தொடங்குகிறது என்னும் வினா பார்வைக்கு எளியதாகத் தோன்றும். ஆயினும், அவ்வெல்லைக் கோட்டை எவ்விடத்தில் வகுப்பது என்பது சிற்றூர்ப் பிள்ளைகள் பலருடைய வாழ்க்கையைத் தீர்மானித்த செய்தியாகும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ்நாட்டில் அக்கோடு இருமுறை மாற்றி வரையப்பட்டது. மதுரை மாநகரையும் அதனைச் சூழ்ந்த சமவெளியையும் கொண்டு நோக்கின், அம்மாற்றங்களின் பொருள் நன்கு விளங்கும்.

மதுரை நெடுங்காலமாகவே கல்விக்குப் பெயர்பெற்ற நகர். 1881ஆம் ஆண்டில் பசுமலையில் தோன்றிய அமெரிக்கன் கல்லூரி, பின்னர் வைகையின் வடகரையில் கோரிப்பாளையத்தருகே நிலைபெற்றது. நாடு விடுதலை பெற்றபின் 1948இல் டோக் பெருமாட்டி கல்லூரியும், 1949இல் தியாகராசர் கல்லூரியும், 1953இல் பாத்திமா கல்லூரியும் எழுந்தன. 1954இல் மருத்துவக் கல்லூரியும், 1957இல் தியாகராசர் பொறியியற் கல்லூரியும், 1966இல் மதுரைப் பல்கலைக்கழகமும் உருவாயின. இருபது ஆண்டுகளுக்குள் இத்தனை நிறுவனங்கள் அமைந்தமை பெருமைக்குரியதே. ஆனால், இவை யாவும் நகரிலோ நகரையொட்டியோ அமைந்தவை என்பதையும் மறத்தலாகாது.

அக்காலத்துப் பள்ளிக் கல்வி பதினோராண்டுக் கல்வியாகும். பதினோராம் ஆண்டின் இறுதியில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு நடைபெறும். அதன்பின் இண்டர்மீடியட் என்னும் ஈராண்டு வகுப்பில் மாணாக்கர் கல்லூரியில் பயின்றனர். 1956ஆம் ஆண்டையொட்டி இவ்வமைப்பு மாறியது. இண்டர்மீடியட் நீக்கப்பெற்று, ஓராண்டுப் புகுமுக வகுப்பும் அதன்மேல் மூவாண்டுப் பட்ட வகுப்பும் ஏற்பட்டன. புகுமுக வகுப்பு என்னும் பெயரே அதன் பணியைக் கூறும். கல்லூரிக்குள் நுழைவோரை அதற்குத் தகுதியாக்குவதே அதன் நோக்கம்.

இப்புகுமுக வகுப்பு நடைபெற்ற இடம் கல்லூரி. அதுவே இடர்ப்பாட்டின் வேர். மேலூர் மதுரைக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலும், உசிலம்பட்டி அதனினும் சற்று மிகுந்த தொலைவிலும் உள்ளன. பெரியாற்று நீர் பாயும் மேலூர்ப் பகுதியில் நெல் அறுவடையை நம்பியும், உசிலம்பட்டிப் பகுதியில் மழையை நம்பிய மானாவாரிப் பயிரைக் கொண்டும் வாழ்ந்த குடும்பங்களுக்கு, பதினாறு வயதுப் பிள்ளையை நகருக்கு அனுப்புதல் எளிதன்று. கல்லூரிக் கட்டணம் ஒருபுறம் இருக்க, விடுதிச் செலவும் உணவுச் செலவும் பேருந்துச் செலவும் சேரும். வயலில் உழைக்கும் கைகளில் இரண்டு குறையும். பெண்மக்களைப் பற்றிக் கூறவே வேண்டா. பள்ளியிறுதித் தேர்வில் சிறந்து தேறியும், நகரில் தனியே தங்க விடமாட்டோம் என்னும் ஒரு சொல்லால் படிப்பை நிறுத்தியோர் பலர். பிற்காலத்தில் மேலூரிலும் உசிலம்பட்டியிலும் கல்லூரிகள் தோன்றியபோதுதான் இத்துன்பம் ஓரளவு குறைந்தது.

நகருக்கு வந்து சேர்ந்தோர்க்கும் வேறோர் இடர் காத்திருந்தது. பதினோராண்டு தமிழில் கணக்கும் அறிவியலும் கற்றவர், கல்லூரியில் அவற்றை ஆங்கிலத்தில் கேட்கவேண்டியவராயினர். ஓராண்டு என்று சொல்லப்பட்டாலும், விடுமுறையும் தேர்வு நாள்களும் போக எஞ்சியவை சில திங்களே. புதுமொழியில் ஆசிரியர் கூறுவது செவிக்குப் பழகுமுன்னரே தேர்வு வந்துவிடும். அறிவில் குறையாத மாணாக்கர் பலர் அவ்வகுப்பிலேயே தோற்று ஊர் திரும்பினர்.

1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரிக் கல்விக் குழு, நாடு முழுமைக்கும் ஒரே வகையான கல்வி ஆண்டமைப்பைப் பரிந்துரைத்தது. அதனைத் தழுவித் தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டு புகுமுக வகுப்பு நீக்கப்பெற்று, மேனிலைக் கல்வி ஏற்பட்டது. பள்ளியிறுதி வகுப்பு பத்தாம் ஆண்டிற்கு வந்தது. அதன்மேல் ஈராண்டு மேனிலை வகுப்பு, பின்னர் மூவாண்டுப் பட்ட வகுப்பு. இங்கு ஒரு கணக்கைக் கவனித்தல் வேண்டும். முன்னர்ப் பதினொன்று, ஒன்று, மூன்று. பின்னர்ப் பத்து, இரண்டு, மூன்று. இரண்டையும் கூட்டின் பதினைந்தே வரும். படிக்கும் ஆண்டுகள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பன்னிரண்டாம் ஆண்டு நடைபெறும் இடமே மாறியது. கல்லூரியில் இருந்த அவ்வாண்டு, உயர்நிலைப் பள்ளிகள் மேனிலைப் பள்ளிகளாக உயர்ந்த ஊர்களுக்கெல்லாம் சென்று சேர்ந்தது. பிள்ளைகள் வீட்டில் உண்டு, தமிழிலேயே பயின்று, பன்னிரண்டாம் ஆண்டை முடிக்கலாயினர். உடன்பிறந்ததாகத் தொழிற்கல்விப் பிரிவும் தொடங்கப்பெற்றது. வேளாண்மை, பொறி இயக்கம், அலுவலகப் பணி முதலியவற்றைக் கற்பித்த அப்பிரிவு, தகுதிக்கேற்ற மதிப்பை மக்களிடம் பெறாமற் போனமை வருந்தத்தக்கது.

எல்லைக் கோடு ஊருக்கு அருகே வந்தபின், தடை வேறிடத்தில் எழுந்தது. 1984 முதல் மருத்துவம், பொறியியல் ஆகிய படிப்புகளுக்கு மாநில நுழைவுத் தேர்வு நடைபெற்றது. தனிப்பயிற்சி நிலையங்கள் நகரங்களிலேயே மிகுந்திருந்தமையால், சிற்றூர் மாணாக்கர் மீண்டும் பின்தங்கினர். 2007இல் அது நீக்கப்பெற்றது. பின்னர் மருத்துவத்திற்கு நாடு தழுவிய நீட் தேர்வு வந்தது. அதன் விளைவாக அரசுப் பள்ளி மாணாக்கர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் 2020இல் தமிழ்நாட்டில் ஒதுக்கப்பட்டது. மறு ஆண்டு இவ்வொதுக்கீடு பொறியியல் முதலிய படிப்புகளுக்கும் விரிந்தது.

மேனிலைப் பள்ளிக்குள்ளும் ஒரு குறை வளர்ந்திருந்தது. பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டும் உருப்போடச் செய்யும் வழக்கம் பள்ளிகள் பலவற்றில் பரவியிருந்தது. கல்லூரி முதலாண்டில் அதன் விளைவு தெரிந்தது. இதனைத் தடுக்கவே 2017-18 கல்வியாண்டில் பதினோராம் வகுப்பிற்கும் பொதுத்தேர்வு வைக்கப்பட்டது. மூன்றாண்டு தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதும் சுமை மாணாக்கரை வாட்டியதால், 2025 ஆகஸ்டில் வெளியான தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கை அத்தேர்வை நீக்கியது. சுமை குறைந்தது நன்றே. தேர்வில்லாத பாடத்தை ஒதுக்கும் பழைய வழக்கம் மீளாதிருப்பது ஆசிரியரையும் பள்ளிகளையும் பொறுத்தது.

புகுமுக வகுப்பு போனபோது ஒன்று இழக்கப்பட்டதையும் கூறவேண்டும். பட்டப்படிப்பைத் தெரிவு செய்யுமுன் கல்லூரியை உள்ளிருந்து காணும் வாய்ப்பே அது. 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் இக்குறையை ஈடுசெய்ய முயல்கிறது. எப்படிப்பு எத்தொழிலுக்கு வழிகாட்டும், எந்நாளில் விண்ணப்பித்தல் வேண்டும், எவ்வுதவித்தொகை கிட்டும் என்பவை மேனிலை மாணாக்கர்க்கு எடுத்துரைக்கப்படுகின்றன. அரசுப் பள்ளிப் பன்னிரண்டாம் வகுப்பு மாணாக்கர் அருகிலுள்ள கல்லூரிகளுக்கும் அழைத்துச் செல்லப்படுகின்றனர். ஆய்வுக்கூடங்களையும் நூலகத்தையும் கண்டு, அங்குப் பயில்வோரிடம் தம் ஐயங்களை வினவி, மாலையில் அவர்கள் ஊர் திரும்புகின்றனர்.