சென்னை டூ சான் பிரான்சிஸ்கோ 13,900 கி.மீ.தான்... ஆனா விமானம் 16,000 கி.மீ. பறப்பது ஏன்?

கேளம்பாக்கம், சிறுசேரி பக்கம் ஐ.டி. வேலை பார்த்துவிட்டு கலிஃபோர்னியா போன பிள்ளைகள் நிறைய. பேரக்குழந்தையைப் பார்க்க முதல்முறையாக விமானம் ஏறும் அம்மா, அப்பாக்களும் நிறைய. எவ்வளவு தூரம் என்று மொபைலில் தேடினால் சுமார் 13,900 கி.மீ. என வரும். அதை நம்பி பயண நேரத்தைக் கணக்கு போட்டா தப்பாகிடும்.

அது என்ன தூரம்?

கேளம்பாக்கத்தில் இருந்து மீனம்பாக்கம் விமான நிலையம் நேர்க்கோட்டில் 20 கி.மீ.க்குச் சற்று அதிகம்தான். வண்டலூர் வழியா கார்ல போனா 30ஐத் தாண்டிடும். 13,900ம் அப்படி ஒரு நேர் தூரம்தான். ஆனால் உருண்டையான பூமியின் மேல் அளந்தது.

வீட்டில் குளோப் இருந்தால் சென்னைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் பசிபிக் கடலைக் குறுக்கே தாண்டாது. ஒடிசா, பீகார், எவரெஸ்ட் பக்கம், மங்கோலியா, சைபீரியா என வடக்கே ஏறி, ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி, அலாஸ்கா வழியாக இறங்கும். நம்பவே முடியாது, ஆனா அதுதான் குறுக்கு வழி. 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் சான் பிரான்சிஸ்கோவில் இருந்து வட துருவம் வழியாகத்தான் பெங்களூரு வந்து இறங்கினார்கள்.

அப்போ ஏன் அதிக தூரம்?

சென்னையில் இருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நேரடி விமானம் கிடையாது. எங்கே மாறுகிறோம் என்பதுதான் தூரத்தை முடிவு செய்கிறது. ஹாங்காங் வழியாக சுமார் 14,800 கி.மீ., துபாய் வழியாக 16,000, ஃப்ராங்க்ஃபர்ட் வழியாக 16,700. இதுவும் நேர்க்கோட்டுக் கணக்குதான்.

நிஜத்தில் வானத்திலும் ரோடு பிளாக் உண்டு. 2022 முதல் அமெரிக்க, ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டிருக்கிறது. 2025 ஏப்ரல் 24 அன்று இந்திய நிறுவனங்களுக்கு பாகிஸ்தான் வான்வெளியை மூடியதும், டெல்லியில் இருந்து மேற்கே போகும் விமானங்கள் சுற்றிப்போக வேண்டியதாயிற்று.

காற்றும் சும்மா இருக்காது. விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கில் இருந்து கிழக்கே ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகமான காற்று வீசுகிறது. ஹாங்காங்கில் இருந்து சான் பிரான்சிஸ்கோ போக சுமார் 13 மணி நேரம். அதே தூரம் திரும்பி வர 15ஐ நெருங்கிவிடும்.

வயதானவர்களுக்கு டிக்கெட் போடுகிறவர்கள் மொத்த தூரத்தை விட, ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்று பாருங்கள். துபாய் வழியில் முதல் பயணம் 4 மணி நேரம்தான், அடுத்தது 16 மணி நேரம் வரை இழுக்கும். ஃப்ராங்க்ஃபர்ட் வழியில் தூரம் கூடுதல்தான். ஆனா 10, 11 மணி நேரமாக இரண்டாகப் பிரிந்துவிடும், நடுவில் இறங்கி நடக்கலாம். கால் வீக்கம் இருக்கிற அப்பாவுக்கு எது சரி என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு புக் பண்ணுங்க.