ஸ்டேஷன் எங்கே போயிற்று? பழைய ரேடியோவில் ட்யூனிங் கோளாறுகள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வாசகர் ஒருவர் நமக்கு எழுதியிருந்த கடிதம் வழக்கமான கடிதங்களிலிருந்து மாறுபட்டிருந்தது. வைரஸ் பற்றியோ பிரிண்டர் பற்றியோ அவர் கேட்கவில்லை. "கம்ப்யூட்டர் வந்த நாள் முதல் என் அப்பாவின் பழைய வால்வு ரேடியோவில் ஸ்டேஷன் சரியாக எடுப்பதில்லை. ஒரே இரைச்சல். முள்ளும் தப்பான இடத்தில் நிற்கிறது. கம்ப்யூட்டர்தான் ரேடியோவைக் கெடுத்துவிட்டது என்று அப்பா சொல்கிறார். ரேடியோவுக்கு வயதாகிவிட்டது என்று நான் சொல்கிறேன். வீட்டில் தினமும் இதே பேச்சு. யார் சொல்வது சரி?" என்று கேட்டிருந்தார்.

இரண்டு பேர் சொல்வதும் சரி என்பதே நம் பதில். அவர் எழுதியிருப்பது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. இரைச்சல் வெளியிலிருந்து வருவது. முள் தப்பான இடத்தில் நிற்பது ரேடியோவுக்குள் இருப்பது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு ஸ்குரு டிரைவரைக் கையில் எடுத்தால் இருப்பதும் கெடும். இதை அனுபவத்தில் சொல்கிறேன். என் கதை பின்னால் வருகிறது.

முதலில் கம்ப்யூட்டரை விசாரிப்போம்

கம்ப்யூட்டரின் பின்புறம் மின்சாரக் கேபிளைச் செருகும் பெட்டிக்கு எஸ்.எம்.பி.எஸ். என்று பெயர். வீட்டு மின்சாரத்தை வாங்கி, அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை நிறுத்தி நிறுத்திக் கொடுத்து, கம்ப்யூட்டருக்குத் தேவையான குறைந்த வோல்ட் மின்சாரமாக மாற்றித் தருவது இதன் வேலை. லேப்டாப் சார்ஜர், மொபைல் சார்ஜர், இன்டர்நெட் மோடத்தின் அடாப்டர், எல்.இ.டி. பல்பு ஆகிய எல்லாவற்றிலும் இதே வேலையைச் செய்யும் சிறிய சர்க்யூட் உண்டு.

எடுத்துக்காட்டாக, ஒரு சார்ஜர் 65 கிலோஹெர்ட்ஸில் இயங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மடங்குகளிலும் அது சிறிது சிறிதாக ரேடியோ அலையைக் கசியவிடும். 585, 650, 715, 780 என்று மீடியம் வேவ் முழுக்க இந்தக் கசிவு வரிசையாக நிற்கும். 715-ஐப் பாருங்கள். சென்னை வானொலியின் 720-க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. சார்ஜரின் அலை ஒரே புள்ளியில் நிற்காமல் கொஞ்சம் அலைந்துகொண்டே இருப்பதால் நம் காதுக்கு விசிலாகக் கேட்காமல் "கர்ர்" என்ற இரைச்சலாகக் கேட்கும். ரேடியோ தயாரான காலத்தில் வீட்டில் இப்படி எதுவும் இல்லை. அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

இதைச் சோதிக்க ரேடியோவைத் திறக்க வேண்டாம். பகல் நேரத்தில், உங்கள் ஊருக்கு அருகில் உள்ள மீடியம் வேவ் நிலையத்தை ட்யூன் செய்யுங்கள். இரவில் தொலைதூர நிலையங்களும் வானில் பட்டுத் திரும்பி வந்து ஒன்றின் மேல் ஒன்றாகக் கேட்கும் என்பதால் இரவில் செய்யும் சோதனை குழப்பத்தில் முடியும். இப்போது கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்யுங்கள். அது மட்டும் போதாது. ஷட் டவுன் செய்த பின்னும் எஸ்.எம்.பி.எஸ். பாதித் தூக்கத்தில் இயங்கிக்கொண்டுதான் இருக்கும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலருக்கும் இது தெரிவதில்லை. எனவே சுவரில் உள்ள ஸ்விட்சையும் ஆஃப் செய்யுங்கள். பிறகு மானிட்டர், யு.பி.எஸ்., மோடம், சார்ஜர்கள், எல்.இ.டி. விளக்குகள் என்று ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வாருங்கள். எதை அணைக்கும்போது இரைச்சல் நிற்கிறதோ அதுவே குற்றவாளி. பெரும்பாலும் விலை உயர்ந்த கம்ப்யூட்டர் தப்பித்துக்கொள்ளும். பிளாட்பாரத்தில் வாங்கிய மொபைல் சார்ஜர் மாட்டிக்கொள்ளும்.

பேட்டரியில் ஓடும் சிறிய டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். இரைச்சல் எங்கே கூடுகிறது என்பது உடனே தெரியும். அந்த நிலையம் இன்று ஒலிபரப்பில் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். நிலையமே வராத இடத்தில் பழைய ரேடியோவைத் திருகிக்கொண்டிருப்பதில் பொருள் இல்லை.

குற்றவாளி கம்ப்யூட்டர்தான் என்றால், ரேடியோவை வேறு அறைக்கு மாற்றுங்கள். இரண்டையும் ஒரே பிளக் போர்டில் செருக வேண்டாம். ரேடியோவின் ஏரியல் ஒயரை கம்ப்யூட்டர் கேபிள்களின் பக்கம் விடாமல் ஜன்னல் வழியாக வெளியே எடுத்துச் செல்லுங்கள். பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடும்.

முள் ஏன் பொய் சொல்கிறது?

இனி ரேடியோவுக்குள் வருவோம். அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். வால்வு ரேடியோவில் 200 வோல்ட்டுக்கும் மேல் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கண்டன்சர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். ஏ.சி., டி.சி. இரண்டிலும் இயங்கும் டிரான்ஸ்பார்மர் இல்லாத செட்களில் சுவரிலிருந்து வரும் ஒயர் ஒன்று நேராக இரும்புச் சேசிஸுடன் இணைந்திருக்கும். குமிழ் கழன்றுபோன ரேடியோவின் தண்டைப் பிளையரால் பிடித்துத் திருகுவது நம் வீடுகளில் சகஜம். இத்தகைய செட்டில் அது உயிருக்கே ஆபத்து. மின்சார வேலையில் பழக்கம் இல்லாதவர்கள் பின் அட்டையைக் கழற்றாமல் ஒரு மெக்கானிக்கை அழைத்துவிடுங்கள். எந்த இடத்தில் கோளாறு என்று தெரிந்துகொண்டு அழைப்பதே பெரிய லாபம். கீழே உள்ளவை அதற்காகத்தான்.

ட்யூனிங் குமிழைத் திருப்பும்போது இரண்டு வேலைகள் நடக்கின்றன. தண்டில் சுற்றிய நூல் ஒன்று முள்ளை டயலின் மீது இழுக்கிறது. அதே நூல் உள்ளே இருக்கும் கேங் கண்டன்சரின் தகடுகளையும் சுழற்றுகிறது. ஸ்டேஷனைத் தேர்ந்தெடுப்பது இந்தத் தகடுகள்தான். முள் வெறும் அடையாளம். கம்ப்யூட்டர் திரையில் நகரும் அம்புக்குறியும் மௌஸும் போன்ற உறவு இது. அம்புக்குறி நகரவில்லை என்பதற்காக யாரும் மானிட்டரைத் திறப்பதில்லை.

குமிழ் சுற்றுகிறது, முள் அசையவில்லை என்றால் நூல் வழுக்குகிறது அல்லது அறுந்துவிட்டது. நூலை இறுக்கிப் பிடிக்கும் சின்ன ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். யாரோ ஒரு புண்ணியவான் தண்டுக்குத் தையல் மெஷின் எண்ணெய் விட்டிருக்கலாம். எண்ணெயைத் துடைத்துவிட்டு, சால்டரிங்குக்கு வாங்கும் ரோசினைப் பொடித்து நூலில் லேசாகத் தடவினால் பிடிமானம் வரும். புது நூல் போடுவதானால் மீன்பிடி நரம்பு வேண்டாம், அது வழுக்கும். பின்னல் நூல்தான் சரி. பழைய நூலை எடுக்கும் முன் அது எந்தச் சக்கரத்தில் எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று மொபைலில் நான்கைந்து போட்டோ எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டு வையுங்கள். பெரிதாக்கிப் பார்க்க வசதியாக இருக்கும். இதைச் செய்யாமல் நூலை அவிழ்த்தவர்கள் அரை நாள் விழித்துக்கொண்டு உட்கார்ந்ததுண்டு.

திருப்பும்போது "கரகர" என்ற சத்தம் வந்தால், தகடுகளைத் தாங்கும் அச்சின் தொடுமுனையில் அழுக்கு சேர்ந்திருக்கும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை அங்கே மட்டும் ஒரு சொட்டு விடுங்கள். ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் "டப்" என்று ஒலி அடங்கினால் தகடு ஒன்று வளைந்து அடுத்ததைத் தொடுகிறது என்று பொருள். டயலின் 600 பக்கம் முழுவதும் ஊமையாகி 1400 பக்கம் மட்டும் பேசினால் வால்வு மீது சந்தேகம் கொள்ளலாம்.

நான் செய்த தவறு

பல ஆண்டுகளுக்கு முன் என் மாமாவின் ரேடியோவில் 720-ல் வரவேண்டிய சென்னை, டயலில் 800-க்கு அருகில் வந்தது. புத்தகம் படித்த தைரியத்தில், உள்ளே கண்ணில் பட்ட ஸ்குருக்களை எல்லாம் திருகினேன். சென்னை 720-க்கு வந்து நின்றது. பெருமையாக மாமாவைக் கூப்பிட்டேன். அவர் மதுரையைத் தேடினார். அது 1269-ல் இல்லை, பக்கத்திலும் இல்லை. எல்லா ஸ்டேஷன்களும் மெலிந்து கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிட்டன. மாமா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நான் செய்திருக்க வேண்டியது ஸ்கேலை எடுத்து அளப்பது. டயலில் 720 என்ற எழுத்துக்கும் ஸ்டேஷன் வரும் இடத்துக்கும் எத்தனை சென்டிமீட்டர் தூரம்? மறுமுனையில் 1269-க்கு எத்தனை? இரண்டும் ஒரே அளவாக இருந்தால் முள் நூலின் மீது நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான். தகடுகளை முழுவதும் உள்ளே மூடும்படி குமிழைத் திருப்பி, முள்ளை டயலின் கடைசிக் கோட்டுக்குத் தள்ளி வைத்தால் வேலை முடிந்தது. மாமாவின் ரேடியோவில் இருந்த கோளாறும் அதுதான். ஐந்து நிமிட வேலையை நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலையாக்கினேன்.

இரண்டு முனைகளிலும் தூரம் வேறுபட்டால்தான் உள்ளே சரிசெய்ய வேண்டியிருக்கும். காரணம் இது. ரேடியோ தனக்குள் ஆஸிலேட்டர் என்னும் பகுதியில் ஓர் அலையைத் தானே உருவாக்குகிறது. பெரும்பாலான செட்களில் அது ஸ்டேஷனைவிட 455 கிலோஹெர்ட்ஸ் அதிகமாக இருக்கும். டயலில் 530-லிருந்து 1605 வரை செல்லும்போது ஆஸிலேட்டர் 985-லிருந்து 2060 வரை செல்ல வேண்டும். முதலாவது மூன்று மடங்கு, இரண்டாவது இரண்டு மடங்கை ஒட்டியது. ஒரே தண்டில் சுழலும் இரண்டு தகட்டுத் தொகுதிகளை இப்படி ஒன்றாக ஓட வைக்கத்தான் பேடர் என்ற கண்டன்சரும் ட்ரிம்மர் என்ற சிறிய ஸ்குருவும் இருக்கின்றன. 600 பக்கம் தவறினால் பேடரும் ஆஸிலேட்டர் காயிலும். 1400 பக்கம் தவறினால் ட்ரிம்மர். ஒன்றைத் திருத்தினால் மற்றது சற்றே நகரும் என்பதால் மாறி மாறிச் செய்ய வேண்டும். ஐ.எஃப். காயில் என்று சிறிய அலுமினியக் குப்பிகள் இருக்குமே, அவற்றின் பக்கம் போகவே வேண்டாம். நான் போனேன்.

ஆஸிலேட்டர் எங்கே நிற்கிறது என்று திறக்காமலே அறிய ஒரு தந்திரம் உண்டு. பழைய ரேடியோவின் முள்ளை 600-ல் வையுங்கள். டிரான்சிஸ்டர் ரேடியோவை அதன் அருகில் பிடித்து 1055-ஐ ஒட்டி மெல்லத் திருப்புங்கள். ஓர் இடத்தில் விசில் கேட்கும் அல்லது இரைச்சல் சட்டென்று அடங்கும். பழைய ரேடியோவின் குமிழை அசைக்கும்போது அந்த இடமும் நகர்ந்தால் அதுதான் ஆஸிலேட்டர். 1055-ஐ ஒட்டி வந்தால் முள் உண்மை சொல்கிறது. வெகு தூரம் தள்ளி வந்தால் பொய். எங்குமே கேட்கவில்லை என்றால் ஆஸிலேட்டர் ஓடவில்லை என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிடலாம். டயலில் 1150 வரை இப்படிச் சோதிக்கலாம். அதற்கு மேல் ஆஸிலேட்டர் சாதாரண மீடியம் வேவ் டயலைத் தாண்டிப் போய்விடும்.

சில பழைய டயல்களில் கிலோஹெர்ட்ஸ் இருக்காது, மீட்டர் கணக்குதான் இருக்கும். கம்ப்யூட்டரில் கால்குலேட்டரைத் திறந்து 3,00,000-ஐக் கிலோஹெர்ட்ஸால் வகுத்திடுங்கள். 720 என்றால் ஏறத்தாழ 417 மீட்டர்.

ட்யூன் செய்த ஸ்டேஷன் சிறிது நேரத்தில் தானே விலகிப் போகிறதா? மொபைலில் ஒரு மணி நேரம் ரெக்கார்ட் செய்து, ஆடாசிட்டி என்ற இலவச புரோகிராமில் அந்த ஃபைலைத் திறந்து பாருங்கள். (கம்ப்யூட்டரிலேயே நேராக ரெக்கார்ட் செய்தால் அதன் இரைச்சலும் சேர்ந்து பதிவாகும்.) முதல் பதினைந்து நிமிடம் மெல்ல மாறிப் பிறகு நிலைத்தால் அது வால்வு சூடேறும் காலம். கவலை வேண்டாம். சுவர் வைத்ததுபோல் திடீரென்று குதித்திருந்தால் எங்கோ ஓர் இணைப்பு விட்டு விட்டுத் தொடுகிறது. பேண்டு ஸ்விட்சை முதலில் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

ஷார்ட் வேவ் பற்றி ஒரு வார்த்தை. டயலில் லண்டன் என்று அச்சிட்ட இடத்தில் தமிழ் கேட்கவில்லை என்று ரேடியோவை ரிப்பேருக்குக் கொடுக்காதீர்கள். 1941-ல் தொடங்கிய பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரலில் நின்றுவிட்டது.

கடிதம் எழுதிய வாசகருக்கு இவற்றை எழுதி அனுப்பினோம். ஸ்கேலால் அளந்து பார்த்ததில் இரண்டு முனைகளிலும் ஒரே தூரம்தான் இருந்ததாம். தெருவில் இருந்த பழைய மெக்கானிக் வந்து முள்ளைத் தள்ளி வைத்துப் போயிருக்கிறார். இரைச்சலுக்குக் காரணம் மானிட்டரின் அடாப்டர். இப்போது காலைச் செய்தி முடியும் வரை கம்ப்யூட்டரின் சுவர் ஸ்விட்சை அப்பா ஆன் செய்ய விடுவதில்லை என்று எழுதியிருக்கிறார்.