கணினி உறைந்துவிட்டதா, காத்திருக்கிறதா?

கிள்ளையில் உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியைக் கற்பனை செய்துகொள்வோம். எட்டாம் வகுப்பு மாணவர்கள் மீனவக் குடியிருப்புகளுக்குச் செல்கிறார்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்த காலை நேரத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் காணொளியாகப் பதிவு செய்கிறார்கள். பதிவின் அளவு 3 ஜிபி. கைப்பேசியில் இடம் போதாததால் அதைப் பள்ளிக் கணினிக்கு மாற்றிவிட்டு, கைப்பேசியில் இருந்ததை அழித்துவிடுகிறார்கள்.

மறுநாள் அந்தக் காணொளியைச் சிதம்பரத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மாலையில் ஆசிரியர் கோப்பை 'கட்' செய்து பென்டிரைவில் 'பேஸ்ட்' செய்கிறார். முன்னேற்றப் பட்டை வேகமாக ஓடி முடிகிறது. ஆனால் திரை அப்படியே நிற்கிறது; மௌஸ் அசையவில்லை. பேருந்துக்கு நேரமாகிவிட்டதால் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுகிறார். மறுநாள் பார்த்தால் பென்டிரைவில் பாதிக் கோப்புதான் இருக்கிறது. கணினியிலோ கோப்பே இல்லை.

கணினி பழுதாகவில்லை. அது வேலை செய்துகொண்டுதான் இருந்தது. நடந்தது என்ன என்று தெரிந்திருந்தால் அந்தப் பதிவு தப்பியிருக்கும்.

நெல் கொள்முதல் நிலையமும் நினைவகமும்

அறுவடைக் காலத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தைப் பார்த்திருப்போம். டிராக்டர்கள் வேகமாக வருகின்றன. எடை போடும் வேலை மெதுவாக நடக்கிறது. களத்தில் இடம் இருக்கும்வரை யாருக்கும் சிரமம் இல்லை. வந்தவர் நெல்லைக் கொட்டிவிட்டுப் போகலாம். களம் நிறைந்துவிட்டால் வாசலிலேயே எல்லாரும் நிற்க வேண்டும். ஒரே ஒரு மூட்டையோடு வந்தவரும் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

கணினியிலும் இதுவே நடக்கிறது. வன்தட்டிலிருந்து கோப்பைப் படிப்பது வேகமான வேலை. பென்டிரைவில் எழுதுவது மெதுவான வேலை. அதனால் இயங்குதளம் தரவை முதலில் நினைவகத்தில் கொட்டி வைத்து, பிறகு சிறிது சிறிதாகப் பென்டிரைவில் எழுதுகிறது. லினக்ஸின் இயல்பான அமைப்பில், பயன்படுத்தக் கிடைக்கும் நினைவகத்தில் சுமார் 20 விழுக்காடு வரை இப்படி எழுதப்படாத தரவு தேங்கலாம். அந்த எல்லையைத் தொட்டதும், எழுத வேண்டிய பிற நிரல்களும் காக்க வைக்கப்படுகின்றன. நம் கண்ணுக்கு அது 'உறைந்துவிட்டது' என்று தெரிகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6 ஜிபி நினைவகம் பயன்பாட்டுக்குக் கிடைத்தால் அதில் 20 விழுக்காடு 1.2 ஜிபி. பென்டிரைவ் நொடிக்கு 6 எம்பி வேகத்தில் எழுதினால், அந்தத் தேக்கம் மட்டும் தீர 200 நொடிகள் ஆகும். பட்டை ஓடி முடிந்த பிறகும் மூன்று நிமிடங்களுக்கு மேல் வேலை மிச்சம் இருக்கலாம்.

'கட்' செய்வதன் ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. ஒரு சாதனத்திலிருந்து இன்னொரு சாதனத்துக்கு 'கட்' செய்யும்போது, கணினி முதலில் நகல் எடுக்கிறது. பிறகு மூலத்தை அழிக்கிறது. நகலின் ஒரு பகுதி நினைவகத்தில் மட்டும் இருக்கும் நேரத்தில் மூலம் அழிந்து, மின்சாரமும் நின்றால், இரண்டு இடத்திலும் கோப்பு இருக்காது.

கோப்பு முறைமை வேறுபடும்போது

2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்திருந்த மடிக்கணினிகளை நம்மில் பலர் கையாண்டிருக்கிறோம். இரண்டும் தரவை அடுக்கி வைக்கும் முறை வேறு. அந்த முறையையே கோப்பு முறைமை என்கிறோம். லினக்ஸ் பெரும்பாலும் இஎக்ஸ்டி4 முறையையும், விண்டோஸ் என்டிஎஃப்எஸ் முறையையும் பயன்படுத்துகின்றன. பென்டிரைவ்கள் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது மூன்று இடங்களில் சிக்கல் வரும்.

ஒன்று, ஃபேட்32 முறையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபி அளவை எட்ட முடியாது. பென்டிரைவில் 20 ஜிபி காலியாக இருந்தாலும் 5 ஜிபி காணொளி அதில் ஏறாது. எக்ஸ்ஃபேட் முறையில் இந்தத் தடை இல்லை. ஆனால் முறையை மாற்ற ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். பழைய லினக்ஸ் கணினிகளில் எக்ஸ்ஃபேட்டைத் திறக்கக் கூடுதல் மென்பொருள் தேவைப்படலாம்.

இரண்டு, பழைய லினக்ஸ் பதிப்புகள் என்டிஎஃப்எஸ் தட்டில் எழுதுவதற்குக் கருவகத்துக்கு வெளியே இயங்கும் தனி நிரலைப் பயன்படுத்துகின்றன. பெரிய கோப்பை எழுதும்போது அது செயலியின் நேரத்தை நிறைய எடுத்துக்கொள்ளும். பழைய கணினி திணறும். 2021இல் வந்த லினக்ஸ் கருவகம் 5.15 முதல் என்டிஎஃப்எஸ்ஸில் எழுதும் வசதி கருவகத்துக்குள்ளேயே இருக்கிறது.

மூன்று, விண்டோஸ் 8 முதல் உள்ள 'விரைவுத் தொடக்கம்' வசதி இயக்கத்தில் இருந்தால், 'ஷட் டவுன்' செய்தாலும் விண்டோஸ் முழுமையாக மூடப்படுவதில்லை. அந்தத் தட்டை லினக்ஸ் படிக்க மட்டுமே திறக்கும் அல்லது திறக்கவே மறுக்கும். விண்டோஸில் 'ரீஸ்டார்ட்' கொடுத்து, அங்கிருந்து லினக்ஸுக்கு வந்தால் இந்தச் சிக்கல் வராது.

திரை நின்றால் செய்ய வேண்டியவை

1. பவர் பொத்தானைத் தொட வேண்டாம். பென்டிரைவைப் பிடுங்க வேண்டாம்.

2. பென்டிரைவில் விளக்கு இருந்தால் பாருங்கள். மின்னிக்கொண்டிருந்தால் எழுதும் வேலை நடக்கிறது என்று கொள்ளலாம்.

3. 'கேப்ஸ் லாக்' விசையை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உயிரோடுதான் இருக்கிறது.

4. கோப்பின் அளவைப் பென்டிரைவின் வேகத்தால் வகுத்து, அவ்வளவு நேரம் காத்திருங்கள். 3 ஜிபி கோப்பு நொடிக்கு 6 எம்பி வேகத்தில் எழுத 500 நொடிகள், அதாவது எட்டு நிமிடங்களுக்கு மேல் ஆகும். அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் கொடுப்பது நல்லது.

5. அதன் பிறகும் அசைவில்லை, விளக்கும் மின்னவில்லை என்றால் சாதனத்தில் கோளாறு இருக்கலாம். கட்டளைத் திரை திறந்தால் 'டிமெசேஜ்' (டி-எம்-இ-எஸ்-ஜி) பதிவைப் பாருங்கள். அதில் 'ஐ/ஓ எரர்' என்ற வரி திரும்பத் திரும்ப வந்தால், பென்டிரைவோ வன்தட்டோ கெட்டுக்கொண்டிருக்கிறது அல்லது இணைப்பு சரியில்லை. முன்பக்கத் துளையையும் நீட்டிப்புக் கம்பியையும் விட்டு, கணினியின் பின்பக்க யுஎஸ்பி துளையில் நேரடியாகச் செருகிப் பார்க்கலாம். வன்தட்டுதான் காரணம் என்றால், மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு முக்கியமான கோப்புகளை முதலில் காப்பாற்றுங்கள்.

வராமல் தடுக்க

எப்போதும் 'காப்பி' மட்டும் செய்யுங்கள். நகலைச் சரிபார்த்த பிறகே மூலத்தை அழியுங்கள். சரிபார்க்கும் முன் பென்டிரைவை முறைப்படி 'இஜெக்ட்' செய்து, மீண்டும் செருகுங்கள். செருகியபடியே திறந்தால் நினைவகத்தில் இருக்கும் தரவையே கணினி காட்டக்கூடும். காணொளியின் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் ஓட்டிப் பாருங்கள்.

லினக்ஸில் நகல் எடுத்ததும் கட்டளைத் திரையில் 'சிங்க்' (எஸ்-ஒய்-என்-சி) என்று தட்டுங்கள். தேங்கிய தரவு முழுவதும் எழுதப்பட்ட பிறகே கட்டளைக் குறி திரும்பும். அடிக்கடி இந்தத் தொல்லை வரும் கணினியில், தேங்கும் தரவின் எல்லையைக் குறைத்து வைக்கலாம். லினக்ஸ் தெரிந்த தொழில்நுட்பப் பணியாளரிடம் 'விஎம் டர்ட்டி பைட்ஸ்' அமைப்பைக் குறைக்கச் சொன்னால் அவருக்குப் புரியும். களம் சிறிதானால் நெல் மலையாகக் குவியாது. பட்டையும் உண்மையான வேகத்தைக் காட்டும்.

புயலும் மின்தடையும் பழகிப்போன கடலூர் மாவட்டக் கடலோரப் பள்ளிகளில், யுபிஎஸ் இல்லாத கணினியில் பெரிய கோப்பை மாற்றும் வேலையை மழை மாலையில் தொடங்காமல் இருப்பதே நல்லது.

வகுப்பறையில்

இதையே மாணவர்களுக்கு ஒரு செயல்பாடாகக் கொடுக்கலாம். 1 ஜிபி கோப்பு ஒன்றைப் பென்டிரைவுக்கு நகலெடுக்கச் சொல்லுங்கள். பட்டை முடிந்த நேரத்தையும், 'இஜெக்ட்' கொடுத்தபின் 'பாதுகாப்பாக எடுக்கலாம்' என்ற செய்தி வந்த நேரத்தையும் குறிக்கட்டும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி என்ன? பென்டிரைவின் உண்மையான வேகம் என்ன? விகிதக் கணக்குக்கு இதைவிட நேரடியான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

திரையில் தெரிவது எல்லாம் நடந்து முடிந்தது அல்ல என்பதை அந்த இடைவெளியே அவர்களுக்குச் சொல்லிவிடும். பெரியவர்களின் குரலைப் பதிவு செய்யக் கற்றுக்கொடுக்கும் நாம், அதைப் பத்திரமாகக் கொண்டுசேர்க்கவும் கற்றுக்கொடுப்போம்.