மூடாத பலகோணம்

நாற்பது வருஷத்துக்கு முன்னால் முதலாண்டு பொறியியல் மாணவனை டவுன் பஸ்ஸிலேயே கண்டுபிடித்துவிடலாம். தோளில் உறைபோட்ட டிராஃப்டர் என்ற வரைகருவி, கையில் ஷீட்டைச் சுருட்டி வைத்த பிளாஸ்டிக் குழாய். “என்ஜினீயர் தம்பி, அந்தக் கம்பி யார் கண்ணுலயும் குத்தாம பாத்துக்கப்பா” என்பார் கண்டக்டர். 1984-ல் நான் கல்லூரியில் சேர்ந்தபோது, வாங்கி வந்த டிராஃப்டரை அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைத்து, விபூதி பூசிய பிறகுதான் என் கையில் கொடுத்தார்.

டிராயிங் ஹாலில் வரிசையாகச் சாய்வுப் பலகைகள். 594-க்கு 420 மில்லிமீட்டர் கொண்ட ஏ2 ஷீட்டைக் கிளிப்பில் மாட்டிவிட்டு, பென்சிலை உப்புத்தாளில் உளிபோலத் தேய்ப்போம். துணைக்கோடுகளுக்கு 2ஹெச், உருவக் கோடுகளுக்கு ஹெச்.பி. ரப்பர் தூளைக் கையால் தள்ளினால் வியர்வை பட்டு ஷீட் கறுத்துவிடும். அதற்கென்றே ஒரு கைக்குட்டை. ஒரு கோடு தவறினால் அழிக்கலாம். அதே இடத்தில் மூன்றாம் முறை அழித்தால் தாள் பஞ்சாகிவிடும். முழு ஷீட்டையும் மறுபடி போட வேண்டியதுதான். ஆகவே கோடு போடும் முன் யோசித்தோம்.

அப்போது எங்களுக்கு மெக்கானிக்ஸ் வேறு, டிராயிங் வேறு அல்ல. கூரையைத் தாங்கும் டிரஸ் சட்டகம் ஒன்றின் ஒவ்வொரு உறுப்பிலும் எவ்வளவு விசை என்று கேட்டால், வரைந்தே விடை காண்போம். 1 கிலோநியூட்டனுக்கு 10 மில்லிமீட்டர் என்று அளவுகோல் வைத்துக்கொண்டு, டிரஸ்ஸின் ஒவ்வொரு உறுப்புக்கும் இணையாக டிராஃப்டரை நகர்த்திக் கோடு இழுப்போம். கோட்டின் நீளம்தான் விசை. எல்லாம் சரியாக இருந்தால் கடைசிக் கோடு முதல் கோடு தொடங்கிய புள்ளியில் வந்து சேரும். விசைப் பலகோணம் மூடினால் சமநிலை.

என் முதல் பலகோணம் மூடவில்லை. 3 மில்லிமீட்டர் இடைவெளி. கடைசிக் கோட்டை லேசாகச் சாய்த்து ஒட்டவைத்துவிட்டேன். ஆசிரியர் வந்து எதுவும் பேசாமல் டிராஃப்டரை அந்தக் கோட்டின்மேல் வைத்தார், சாய்வு தெரிந்துவிட்டது. “மூடலைன்னா எங்கேயோ தப்பு இருக்குன்னு தாள் உன்கிட்ட சொல்லுது. அது வாயை அடைச்சுட்டியேப்பா” என்றார். அன்றிரவு ஹாஸ்டலில் தேடினேன். ஒரு தாங்கியின் எதிர்விசையைத் தவறாகக் கணக்கிட்டிருந்தேன்.

டிராயிங் ஹாலில் கற்ற அந்த வித்தைக்கு நீண்ட பரம்பரை உண்டு. முப்பரிமாணப் பொருளை இரண்டு தளங்களில் வரைந்து காட்டும் முறையை 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் காஸ்பார் மோஞ் வகுத்தார். கோட்டை கட்ட உதவும் என்பதால் அது சில காலம் ராணுவ ரகசியமாகவே காக்கப்பட்டது. 1794-ல் பாரிஸில் தொடங்கிய எக்கோல் பாலிடெக்னிக்கில்தான் அது பொதுப் பாடமானது. பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்த நில அளவைப் பள்ளி சென்னையில் தொடங்கியதும் அதே 1794-ல்தான். விசைகளையே வரைந்து கணக்கிடும் கலையை 1866-ல் நூலாக்கியவர் சூரிச்சில் கற்பித்த கார்ல் குல்மான். அவரிடம் படித்த மோரிஸ் கெஷ்லின்தான் 1884-ல் ஈஃபில் கோபுரத்தின் முதல் உருவத்தை வரைந்தார்.

பிறகு கணிப்பொறி வந்தது. 1963-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட், ஒளிப்பேனாவால் திரையிலேயே கோடு வரையும் ‘ஸ்கெட்ச்பேட்’டை உருவாக்கினார். 1982 கடைசியில் ஆட்டோகேட் வந்தது. தொண்ணூறுகளில் எங்கள் ஊர்க் கல்லூரிகளிலும் கணிப்பொறிக் கூடங்கள் பெருகின. கணக்கு ஒரு மென்பொருளுக்கும் படம் இன்னொரு மென்பொருளுக்கும் போயின.

இன்று இரண்டும் ஒரே திரையில் மீண்டும் சேர்ந்துவிட்டன. பொருளை முப்பரிமாணத்தில் உருவாக்கி, சுமையைக் கொடுத்து, பட்டனைத் தட்டினால் போதும். மென்பொருள் அதை ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிட்டு, எங்கே தகைவு அதிகம் என்று நீலத்திலிருந்து சிவப்பு வரை வண்ணத்தில் காட்டிவிடும். முப்பது வருஷமாகக் கற்பிக்கும் எனக்கு இதில் உண்மையான மகிழ்ச்சி உண்டு. சாய்வாக வெட்டிய கூம்பை மனக்கண்ணில் கொண்டுவர முடியாமல், கிராஃபிக்ஸ் பாடத்தில் அரியர் மேல் அரியர் வைத்து, படிப்பையே விட்டுப்போன நண்பர்களை நான் அறிவேன். கூம்பைத் திரையில் ஒருமுறை சுழற்றிப் பார்த்திருந்தால் அவர்களில் பலர் தேறியிருப்பார்கள். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் முதலாண்டில் கையால் வரைவது இன்றும் இருக்கிறது. அதுவும் இருந்து இதுவும் கிடைத்தது இந்தப் பிள்ளைகளின் பாக்கியம்.

ஆனால் ஒன்றை இழந்திருக்கிறோம். போன பருவத்தில் ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவி, 4 மீட்டர் நீளமும் 150 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட எஃகு ‘ஐ’ பீம் ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தாள். இரு முனையிலும் தாங்கி; நடுவில் 10 கிலோநியூட்டன் சுமை. திரையில் பீம் அழகாகத் தொய்ந்து, நடுவில் சிவந்திருந்தது.

“கலர் எல்லாம் கரெக்டா வந்திருக்கு சார்.”

“ரெண்டு தாங்கியும் எவ்வளவு தாங்குதும்மா?”

“ஆளுக்கு அஞ்சு சார்.”

“அஞ்சு என்ன?”

திரையை உற்றுப் பார்த்தாள். “நியூட்டன்...”

“அஞ்சு நியூட்டன்னா அரைக் கிலோ தக்காளி. நீ ஏத்த வேண்டியது ஒரு டன்.”

சுமையைக் கொடுக்கும்போது அலகு மாறிவிட்டது. ஆயிரம் மடங்கு பிழை. ஆனால் படத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. எவ்வளவு சிறிய தொய்வையும் மென்பொருள் கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாக்கித்தான் காட்டும்; கிடைத்த எண்களில் பெரியது எதுவோ அதற்குச் சிவப்பு பூசும். ஒரு டன்னுக்கும் ஒரு கிலோவுக்கும் அங்கே ஒரே படம்தான்.

என் ஷீட்டில் பிழை 3 மில்லிமீட்டர் இடைவெளியாக என் கண்முன் நின்றது. இந்தத் திரையில் எல்லாப் பலகோணமும் மூடியே தெரிகிறது. “தப்பு இருக்கு” என்று தாள் சொன்னதை இனி மாணவர்தான் தேடிப்போய்க் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கப் பழக்குவதுதான் இன்றைய ஆசிரியரின் முதல் கடமை என்று உறுதியாக நம்புகிறேன்.

அந்த வாரத்திலிருந்து என் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். மவுஸைத் தொடும் முன் ஒரு வெள்ளைத்தாளில் எஃப்.பி.டி. (ஃப்ரீ பாடி டயகிராம்) வரைய வேண்டும். பொருளைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, அதன்மேல் செயல்படும் விசைகளை மட்டும் அம்புக்குறிகளாகக் காட்டும் அந்தச் சின்னப் படத்தில் அன்றைக்கும் இன்றைக்கும் எந்த மாற்றமும் இல்லை. அதற்குக் கீழே, விடை சுமாராக எவ்வளவு வரும் என்று இரண்டு வரிக் கணக்கு. அதன் பிறகுதான் கணிப்பொறி.

அடுத்த வாரம் அதே மாணவி தாளோடு வந்து நின்றாள். “கையில போட்டா நடுவுல 9.2 மில்லிமீட்டர் தொய்வு வருது. சிஸ்டம் 9.4 காட்டுது. எதை சார் எழுதறது?”

கையில் 9.4 என்று திருத்திக்கொண்டு வந்திருக்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை என்பதிலேயே எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பாடப்புத்தகச் சூத்திரம் பீம் வளைவதை மட்டும் கணக்கில் எடுக்கிறது. நறுக்கு விசையால் வரும் சிறிய கூடுதல் தொய்வை விட்டுவிடுகிறது. அதையும் சேர்த்துக்கொள்ளும் கோட்பாட்டை 1921-லேயே பொறியியல் அறிஞர் திமோஷென்கோ தந்துவிட்டார். மென்பொருள் அதைச் சேர்த்துப் போட்டிருந்தது.

நூலகத்தில் திமோஷென்கோவின் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். தாளை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டு, அந்த 0.2 மில்லிமீட்டரைத் தேடிப் போனாள்.